முகத்தை ‘ஸ்மூத்’ ஆக்கும்போது மென்பொருள் செய்வது என்ன?

“தம்பி, முகத்தைக் கொஞ்சம் கிளியராக்கி விடுங்கோ.” கலியாண வீடோ சாமத்திய வீடோ (பூப்புனித நீராட்டு விழா) முடிந்து அல்பத்துக்குப் படம் தெரிவு செய்யப் போகும்போது யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்களில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. சொல்பவர் மனதில் ஒன்று இருக்கும், கேட்பவர் கை இன்னொன்றைச் செய்யும். ஒருவருக்குப் பரு போனால் போதும். இன்னொருவருக்கு நிறம் கூடவேண்டும். மூன்றாமவர் ஐந்து வயதாவது குறையவேண்டும் என்று எதிர்பார்ப்பார். இவை மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஆனால் பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே பொத்தான்தான் அழுத்தப்படுகிறது. அல்பம் வந்த பிறகு “என்ர பிள்ளையின்ர முகம் மாதிரியே இல்லையே” என்று தாய் மனம் வருந்துவார்.

தோலை மென்மையாக்கும் மென்பொருள் முகத்தில் உள்ள குறைகளைத் தேடிப் பிடித்து எடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அப்படிச் செய்வதில்லை. பழைய, எளிய கருவிகளுக்குப் பரு எது, மச்சம் எது, மயிர்த்துளை எது என்றே தெரியாது. அவை செய்வது ஒரு சின்னக் கணக்கு. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியக்கூடிய கணக்கு. அதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் ஸ்டூடியோவில் என்ன கேட்கலாம், போனில் எந்த வசதியை நிறுத்தி வைக்கலாம் என்பது தானாகத் தெரியும்.

படத்துக்குள் இருப்பது எண்கள்

டிஜிட்டல் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். ஒவ்வொரு சதுரமும் ஒரு பிக்சல். 24 மெகாபிக்சல் கமரா என்றால் ஒரு படத்தில் ஏறத்தாழ 6000 சதுரம் குறுக்கே, 4000 சதுரம் நெடுக்கே. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். இங்கே வசதிக்காக வெளிச்சத்துக்கு மட்டும் ஓர் எண் என்று வைத்துக்கொள்வோம். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை.

கன்னத்தில் ஒரு மயிர்த்துளையை எடுங்கள். அந்தத் துளைக்குள் வெளிச்சம் குறைவாக விழுவதால் அதன் எண் 100 என்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள எட்டுப் பிக்சல்களும் நல்ல வெளிச்சத்தில் இருக்கின்றன, எல்லாம் 145. நம் கண்ணுக்கு அது ஒரு கருமையான சின்னப் புள்ளி. கணினிக்கு அது நடுவில் 100, சுற்றிவர 145. அவ்வளவுதான்.

மென்மை என்பது சராசரி

இப்போது மென்மையாக்கும் கருவி வருகிறது. நடுப்பிக்சலையும் அதன் எட்டு அயலவரையும் கூட்டி ஒன்பதால் வகுக்கிறது. எட்டு 145 என்றால் 1160. அதோடு 100 சேர்த்தால் 1260. ஒன்பதால் வகுத்தால் 140. நடுப்பிக்சலின் 100 அழிந்து அந்த இடத்தில் 140 எழுதப்படுகிறது. சுற்றியுள்ள 145 உடன் ஒப்பிட்டால் வெறும் ஐந்துதான் வித்தியாசம். புள்ளி மறைந்துவிட்டது. முகத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் இதே கணக்கைச் செய்தால் முகம் முழுவதும் ‘ஸ்மூத்’.

எவ்வளவு தூரம் வரை அயலவரைக் கூட்டுவது என்பதை ரேடியஸ் என்று சொல்வார்கள். ரேடியஸ் 1 என்றால் பக்கத்துப் பிக்சல் மட்டும். ரேடியஸ் 20 என்றால் இருபது பிக்சல் தூரம் வரை எல்லாம் கணக்கில் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 140 என்று எழுதிய பிறகு, முதலில் அங்கே 100 இருந்ததா, வேறெதுவும் இருந்ததா என்று அந்த 140-ஐப் பார்த்துச் சொல்ல முடியாது. மென்மையாக்கிய படத்தைச் சேமித்து மூலப்படத்தை அழித்துவிட்டால், “பழையபடி ஆக்கித் தாங்கோ” என்று யாரிடம் கேட்டும் பயனில்லை.

முகத்தை மெருகூட்டும் ஆசை ஒன்றும் புதிதல்ல. கறுப்பு வெள்ளைக் காலத்தில் நெகட்டிவின் மேலேயே கூர்மையான பென்சிலால் தீட்டுவார்கள். முகத்தில் கருமையாக இருக்கும் சுருக்கம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அந்த வெளிறிய இடத்தைப் பென்சில் கரியால் நிரப்பினால் அச்சுப் படத்தில் சுருக்கம் இளகிவிடும். ஒவ்வொரு கோடாகக் கையால் செய்த வேலை அது. எதைத் தொடுவது, எதை விடுவது என்று தீட்டுபவரின் கண் தீர்மானித்தது. இன்றைய கருவிக்கு வேகம் இருக்கிறது, அந்தத் தீர்மானம்தான் இல்லை.

இதுவரை பார்த்தது: படம் என்பது எண்கள். மென்மையாக்குவது என்பது ஒரு பிக்சலின் எண்ணை அயலவரின் சராசரியால் மாற்றுவது. மாற்றியது திரும்பி வராது.

கண் இமை ஏன் தப்புகிறது?

சரி, எல்லாவற்றையும் சராசரி ஆக்கினால் கண், இமை, உதடு எல்லாம் குழம்பிப்போக வேண்டுமே? ஆம், வெறும் சராசரி போட்டால் குழம்பித்தான் போகும். இமை மயிர் 40, அதன் பக்கத்துத் தோல் 145 என்று வையுங்கள். ஒன்பது பிக்சலில் மூன்று இமை, ஆறு தோல். கூட்டி வகுத்தால் 110. தோலும் இல்லை, இமையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு மங்கல்.

இதற்கு ஒரு தீர்வு 1998-இல் மும்பையில் நடந்த கணினிப் பார்வை மாநாடு ஒன்றில் முன்வைக்கப்பட்டது. கார்லோ தொமாசி, ரொபர்ட்டோ மந்தூச்சி என்ற இருவர் தங்கள் கட்டுரையில் விளக்கிய வழியின் சாரம் இதுதான்: அயலவர் எல்லோரையும் ஒரே மாதிரிக் கூட்டாதே. உன்னுடைய எண்ணுக்குக் கிட்ட இருப்பவருக்கு மதிப்புக் கொடு, எட்ட இருப்பவரை விட்டுவிடு.

நம் கணக்கில் எல்லையை 50 என்று வைப்போம். மயிர்த்துளை 100, அயல் 145. வித்தியாசம் 45, எல்லைக்குள் இருக்கிறது. ஆகவே கூட்டப்படுகிறது, துளை மறைகிறது. இமைக்குப் பக்கத்துத் தோல் 145, இமை 40. வித்தியாசம் 105. இமை கணக்கில் சேராது. தோல் 145 ஆகவே நிற்கும், இமையும் கூர்மையாகவே இருக்கும். போட்டோஷொப்பில் ‘சர்பேஸ் பிளர்’ என்று இருப்பது இந்த வகை. முகப்படத்துக்கென்றே விற்கப்படும் பல மென்பொருள்களும் போனின் பியூட்டி வசதிகளும் விளிம்பைக் காத்துக்கொண்டு உள்ளே மெழுகுவது இதே எண்ணத்தை வைத்துத்தான்.

ஆனால் இந்த எல்லைக்கும் ஒரு விலை உண்டு. திருநீறு பூசிய நெற்றியைப் பாருங்கள். மாநிறத் தோலுக்கும் வெண்ணீற்றுக்கும் வித்தியாசம் பெரிது, ஆகவே மூன்று குறியின் ஓரம் பிழைத்துக்கொள்ளும். குறிக்கு உள்ளே இருக்கும் பொடித்தன்மை, விரல் இழுத்த தடம், அங்கங்கே உதிர்ந்த இடைவெளி எல்லாம் சின்ன வித்தியாசங்கள். அவை அழிந்துவிடும். கடைசியில் வெள்ளைப் பெயின்டால் கோடு இழுத்தது போலிருக்கும். மாப்பிள்ளையின் சவரம் செய்த நாடி, பொம்பிளையின் காதோரத்துப் பூனைமயிர், தாத்தாவின் நரைத்த புருவம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அவை குறைகள் என்பதால் போகவில்லை. எல்லைக்குள் அகப்பட்டதால் போயின.

மா அரிக்கிற அரிதட்டு

பிட்டுக்கு மா அரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அரிதட்டில் போட்டு அசைத்தால் நுண்ணிய மா கீழே விழும், கப்பி மேலே நிற்கும். அரிதட்டின் கண், அதாவது ஓட்டை, பெரியது என்றால் கொஞ்சம் கப்பியும் கீழே போகும். கண் சிறியது என்றால் நல்ல மாவும் மேலே தங்கும்.

முகத் தோலிலும் இரண்டு வகை விவரங்கள் கலந்து கிடக்கின்றன. மயிர்த்துளை, மெல்லிய ரோமம், நுண்சுருக்கம் இவை மா. கண்ணுக்குக் கீழ் கருவளையம், கன்னத்தில் திட்டாகச் சிவந்த இடம், மூக்கின் ஒரு பக்கம் விழுந்த நிழல், வெயிலில் கறுத்த கழுத்து இவை கப்பி. தேர்ந்த ரீடச் கலைஞர்கள் பயன்படுத்தும் ‘பிரிக்குவென்சி செப்பரேஷன்’ என்ற முறை இந்த இரண்டையும் தனித்தனிப் படலங்களாகப் பிரிக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இந்தப் படலங்களுக்கு லேயர் என்று பெயர். ரேடியஸ்தான் இங்கே அரிதட்டின் கண்.

கணக்கு முன்பு பார்த்ததுதான். மயிர்த்துளையின் மூல எண் 100. சராசரி எண் 140. முதலாவது லேயரில் அந்த 140-ஐ வைக்கிறோம், இது கப்பி. மூலத்திலிருந்து சராசரியைக் கழித்தால் கிடைக்கும் −40 இரண்டாவது லேயருக்குப் போகிறது, இது மா. இரண்டையும் கூட்டினால் மறுபடி 100. ஒன்றும் தொலையவில்லை. இப்போது கருவளையத்தை மட்டும் சரிசெய்ய வேண்டுமா? கண்ணுக்குக் கீழ் முதலாவது லேயரில் 120 இருந்தால் அதை மெதுவாக 132 ஆக்கலாம். இரண்டாவது லேயரைத் தொடவே வேண்டாம். கருவளையம் இளகும். தோல் தோலாகவே இருக்கும்.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இதைச் சொல்வதற்குத்தான். படத்தில் ஒரு முகம் களைத்தும் வாடியும் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் கப்பி: திட்டு, நிழல், கருவளையம். மயிர்த்துளை அல்ல. ஒரே பொத்தானில் வேலை செய்யும் கருவிகளோ மாவைக் கொட்டிவிட்டுக் கப்பியை அப்படியே வைத்திருக்கின்றன. திட்டுத் திட்டாக, ஆனால் துளையே இல்லாமல் ஒரு முகம் வருகிறது. பார்ப்பவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது, ஏதோ பிழை என்று மட்டும் மனதுக்குப் படும்.

எண்ணெய் மினுக்கம் இன்னொரு விடயம். மண்டபத்துக்குள் வெக்கை, வீடியோ லைட் வேறு, மாப்பிள்ளையின் நெற்றி மினுங்குகிறது. அந்த மினுக்கம் 255-ஐத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் தோலின் விவரம் ஒன்றுமே பதிவாகவில்லை என்று அர்த்தம். சராசரி போட்டால் மினுக்கம் போகாது, பரவும். கிளிக் செய்வதற்கு முன் மெல்லிய துணியாலோ டிசுவாலோ முகத்தை ஒற்றி எடுப்பது எந்த மென்பொருளையும் விட மேல்.

எது தோல் என்று எப்படித் தெரியும்?

படம் முழுவதும் மென்மையாக்க முடியாது. சேலையும் மணவறையும் குழம்பிவிடும். எந்தப் பகுதியில் வேலை செய்யலாம், எதில் கூடாது என்று மறைத்துக் காட்டும் வரைபடத்துக்கு மாஸ்க் என்று பெயர். பல மென்பொருள்கள் நிறத்தைப் பார்த்தே மாஸ்க்கைத் தயாரிக்கின்றன. மனிதத் தோல் கறுப்போ வெளுப்போ, அடிநிறம் செம்மஞ்சளை ஒட்டிய குறுகிய வீச்சுக்குள்தான் வரும். மாறுவது பெரும்பாலும் வெளிச்சமும் அடர்த்தியும்தான். ஆகவே அந்த வீச்சில் வருவதெல்லாம் தோல் என்று எடுத்துக்கொள்கிறது.

எங்கள் கலியாணப் படங்களில் அந்த வீச்சில் வேறு என்னவெல்லாம் வரும்? தாலிக்கொடி. அட்டியல். சேலைக்கரையின் சரிகை. சந்தனப் பொட்டு. குத்துவிளக்கு. தேக்கங்கதவு. மாஸ்க் தாலிக்கொடியையும் தோல் என்று நினைத்துவிட்டால் முறுக்கின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமான மஞ்சள் கயிறு ஒன்று கழுத்தில் கிடக்கும். அல்பம் பார்க்கும்போது முகத்தை மட்டும் பார்க்காமல் தாலிக்கொடியைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். முறுக்கு தெளிவாக இருந்தால் வேலை செய்தவர் மாஸ்க்கைக் கையால் திருத்தியிருக்கிறார் என்று நம்பலாம்.

புதிய கருவிகள் நிறத்தை மட்டும் நம்புவதில்லை. முகத்தின் அமைப்பைக் கண்டு கண் எது, வாய் எது என்று பிரிக்கின்றன. போட்டோஷொப்பில் 2020-இல் வந்த நியூரல் பில்டர்களில் தோல் மென்மையாக்கலும் ஒன்று. இவை ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகியவை. மாஸ்க்கில் பிழை வருவது குறைவு. ஆனால் இந்த வகைக் கருவிகளில் சில வெறும் சராசரி போடுவதோடு நிற்பதில்லை, தோல் இப்படி இருக்கலாம் என்று ஊகித்துப் புதிதாக வரைகின்றன. அது எங்கே ஆபத்தாகும் என்று பிறகு பார்ப்போம்.

வெள்ளையாக்குவது வேறு வேலை

பழைய கணக்குக்குத் திரும்பிப் போங்கள். சராசரி போடும்போது வெளிச்சம் இடம் மாறுகிறது, கூடுவதில்லை. துளை கொஞ்சம் வெளிக்கும், அயல் கொஞ்சம் இறங்கும், மொத்தம் ஏறத்தாழ அதே. அதாவது மென்மையாக்கினால் நிறம் கூடாது. உங்கள் படத்தில் முகம் இரண்டு மூன்று படி வெளுத்திருந்தால் யாரோ வெளிச்ச எண்களைத் தனியாக உயர்த்தியிருக்கிறார்கள், அல்லது போன் அதைத் தானாகச் செய்திருக்கிறது. பல போன்களிலும் செயலிகளிலும் ‘பியூட்டி’ என்ற ஒரே வசதிக்குள் மென்மை, வெளுப்பு, முகத்தை ஒடுக்குதல் மூன்றும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒன்றைக் கேட்டால் மூன்றும் வரும்.

இது எனக்கு மிகவும் உறுத்துகிற விடயம். முகத்தை வெளுக்க வைத்தால் கையும் கழுத்தும் தனியாகத் தெரியும். பிறகு அவற்றையும் வெளுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பக்கத்தில் நிற்கும் தங்கச்சி கறுப்பாகத் தெரிவாள். சாமத்திய வீட்டுப் படங்கள்தான் பூப்படைந்த பிள்ளைக்கு முதன்முதலாகப் பெரிய அளவில் எடுக்கும் படங்கள். அதில் தன் நிறம் திருத்தப்பட்டிருப்பதை அந்தப் பிள்ளை பார்க்காமல் இருக்கப்போவதில்லை. பரு போகட்டும், நிறத்தை விடுங்கோ என்று பெற்றோர் வாய்விட்டுச் சொன்னால் செய்பவருக்கும் வேலை குறைவு.

நோர்வேயில் 2022 ஜூலை முதல் விளம்பரங்களில் உடலின் வடிவத்தையோ அளவையோ தோலையோ திருத்தியிருந்தால் அதைப் படத்திலேயே குறிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குடும்ப அல்பத்துக்கு அப்படி ஒரு சட்டம் தேவையில்லை, கேட்டுச் செய்தால் போதும்.

இரண்டாவது சுருக்கம்: நல்ல வேலை என்பது கப்பியைத் திருத்தி மாவை விடுவது. மாஸ்க் பிழையானால் நகையும் சந்தனமும் சேர்ந்து போகும். வெளுப்பு என்பது மென்மையோடு வருவதல்ல, யாரோ தனியாகச் சேர்ப்பது.

ஒரே செட்டிங், முழு அல்பம்

அரிதட்டின் கண் மாறாமல் மாவின் அளவு மாறினால் என்ன நடக்கும்? கிட்டத்தில் எடுத்த முகப்படத்தில் முகம் மட்டும் 2000 பிக்சல் உயரம் இருக்கலாம். முப்பது பேர் நிற்கும் சொந்தக்காரர் படத்தில் ஒவ்வொரு முகமும் 150 பிக்சல்தான். முகப்படத்துக்குப் பொருந்திய ரேடியஸ் 10-ஐ அதே அளவில் கூட்டுப் படத்திலும் போட்டால் அங்கே கண்ணிமையின் தடிப்பே பத்துப் பிக்சலுக்குள் வந்துவிடும். துளையை அழிக்கப் போட்ட செட்டிங் பெரியம்மாவின் கண்ணையும் மூக்கையும் அரித்துவிடும். நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஒரே செட்டிங்கைத் தானாக ஓடவிடும்போது நடப்பது இதுதான். கூட்டுப் படங்களுக்கு மென்மையாக்கல் தேவையே இல்லை. அவ்வளவு சின்ன முகத்தில் துளை தெரியாது.

வட்ஸ்அப்பில் வந்த படத்துக்கும் இதே பிரச்சினை. அது ஏற்கனவே சின்னதாக்கப்பட்டது. போதாதற்கு, கோப்பைச் சின்னதாக்கும் ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டி நுண்விவரத்தை ஏற்கனவே எடுத்திருக்கும். அதன்மேல் இன்னொரு தடவை மென்மையாக்கினால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

கல்வெட்டுக்கு வரும் படம்

31ஆம் நாள் கல்வெட்டுக்காக, அதாவது இறந்தவரின் நினைவாக அச்சிடும் நூலுக்காக, அவருடைய படத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் குடும்பங்களிடம் பல வேளைகளில் இருப்பது ஒரு தேசிய அடையாள அட்டைப் படம் மட்டும்தான். 1995 இடப்பெயர்வில் அல்பங்களை அப்படியே விட்டுவிட்டுப் போன வீடுகள் எத்தனையோ. பிளாஸ்டிக் உறைக்குள் கீறல் விழுந்த, ஓர் அங்குல அகலப் படம். அதைப் பக்கம் நிறையப் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள்.

இங்கே மென்மையாக்கும் பொத்தானைத் தொடக்கூடாது. பழைய அச்சின் மணிமணியான சொரசொரப்பும் அப்பாவின் கண்ணோரச் சுருக்கமும் இந்தப் படத்தில் ஒரே அளவு. அளவால் பிரிக்கிற அரிதட்டால் ஒரே அளவானவற்றைப் பிரிக்க முடியாது. சொரசொரப்பு போனால் சுருக்கமும் போகும், சுருக்கத்தோடு அவருடைய முகமும் போகும். ஊகித்து வரையும் புதிய கருவிகளுக்குக் கொடுத்தால் இன்னும் மோசம். பளிச்சென்று ஒரு முகம் வரும். அது அவரைப் போன்ற வேறொருவர்.

செய்யக்கூடியது பொறுமையான வேலை. அட்டையைப் போனால் படம் பிடிக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். ஓர் அங்குலப் படத்தை 1200 டிபிஐ-இல், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற அளவில், ஸ்கேன் செய்தால் 1200 பிக்சல் அகலம் கிடைக்கும். கீறல்களை ஹீலிங் பிரஷ் கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். இது போட்டோஷொப்பில் 2002-இல் வந்த கருவி. பக்கத்து நல்ல தோலின் மேற்பரப்பை எடுத்துக் கீறலின் மேல் வைத்து, அந்த இடத்தின் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் பொருத்திவிடும். முகம் முழுவதையும் தொடாது, தொட்ட இடத்தை மட்டும் திருத்தும். சொரசொரப்பு இருந்துவிட்டுப் போகட்டும். படத்தைப் பக்கம் நிறையப் போடாமல் இரண்டு மூன்று அங்குலத்தில் வைத்தால் அது கண்ணை உறுத்தாது.

உயிரோடு இருப்பவர்களின் பருவுக்கும் ஹீலிங் பிரஷ்தான் சரியான கருவி. ஒரு கிழமையில் மாறிவிடுகிற பருவை எடுக்கலாம். பிறவி மச்சத்தை, பழைய தழும்பை அவர் கேட்டால் தவிர எடுக்கக்கூடாது. கடவுச்சீட்டுப் படத்தில் இரண்டையும் தொடக்கூடாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அனுமதி பெற்ற ஸ்டூடியோவில் எடுத்து நேரடியாக அனுப்பப்படும் படம் அது. முகத்தை அளந்து அடையாளம் காண்பதற்கானது, திருத்த இடமில்லை.

ஸ்டூடியோவில் எப்படிக் கேட்பது

“கிளியராக்குங்கோ” என்பதற்குப் பதிலாகப் பிரித்துச் சொல்லுங்கள். “பருவை எடுங்கோ அண்ணை, மச்சத்தை விடுங்கோ. கண்ணுக்குக் கீழே கறுப்பைக் கொஞ்சம் குறையுங்கோ. நிறத்தை மாத்த வேண்டாம். தோல் தெரியவேணும்.” இவ்வளவு போதும். செய்பவருக்கு எந்தக் கருவியை எடுப்பது என்று உடனே விளங்கும்.

சரிபார்க்கும்போது கணினித் திரையில் படத்தை மிகப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்தால் யாருடைய கன்னத்திலும் குழி தெரியும், இன்னும் மெழுகச் சொல்லத் தோன்றும். அல்பத்தில் அச்சாகும் அளவில், கையெட்டும் தூரத்தில் பாருங்கள். அப்போதும் துளை கொஞ்சம் தெரிந்தால் அதுதான் சரியான அளவு. மென்மையாக்கல் தனி லேயரில் இருந்தால் அதன் ஒபாசிட்டியை, அதாவது அது எவ்வளவு அழுத்தமாகத் தெரியவேண்டும் என்ற அளவை, பாதியாகக் குறைத்துக் காட்டச் சொல்லலாம். பெரும்பாலும் அந்தப் பாதியே வடிவாக இருக்கும்.

போனில் எடுப்பவர்கள் கமரா செட்டிங்கில் பியூட்டி என்று எதாவது இருந்தால் பூச்சியத்துக்கு இறக்கிவிடுங்கள். வேண்டுமென்றால் பிறகு சேர்க்கலாம், எடுக்கும்போதே சேர்ந்துவிட்டால் கழற்ற முடியாது. அப்புறம், ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டும்போதே திருத்தாத மூலப்படங்களையும் ஒரு பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.